சார்பற்ற சார்பு

பள்ளிக் கணக்குப் புத்தகத்துக்கு வரலாறு கிடையாது. அங்கே எல்லாமே தீர்ப்பாகத்தான் வந்து இறங்குகின்றன. சார்பகத்தின் ஒவ்வோர் உறுப்புக்கும் துணைச் சார்பகத்தில் ஒரே ஓர் உறுப்பு இருந்தால் அது சார்பு. அம்புக்குறிப் படம் போட்டாச்சு, குத்துக்கோட்டுச் சோதனையும் சொல்லியாச்சு. ஆனாலும் வகுப்பில் மூன்று 'தவறுகள்' திரும்பத் திரும்ப முளைக்கின்றன. "ஒய் சமம் அஞ்சுங்கறதுல எக்ஸே இல்லையே, இது எப்படி சார் சார்பு?" என்பது முதலாவது. பூஜ்யத்துக்கு இந்தப் பக்கம் ஒரு சூத்திரம், அந்தப் பக்கம் வேறொன்று என்று கொடுத்தால், "இது ரெண்டு சார்பு" என்பது இரண்டாவது. "வட்டத்துக்கு ஒழுங்கா சமன்பாடு இருக்கே, அது ஏன் சார்பு இல்ல?" என்பது மூன்றாவது. மூன்றுக்கும் சிவப்பு மை.

இந்த மூன்று பேரையும் 1748க்கு அனுப்பிவைத்தால் ஆய்லர் அவர்கள் பக்கம்தான் நிற்பார். அந்த ஆண்டு வெளிவந்த நூலில் அவருக்குச் சார்பு என்பது எழுதிக்காட்டக்கூடிய ஒரு கோவை. எக்ஸ் எப்படி மாறினாலும் ஒரே மதிப்பைத் தருகிற கோவைகளை, சார்புபோலத் தோற்றம் காட்டும் மாறிலிகள் என்று ஒதுக்குகிறார். ஒற்றை விதிக்குள் அடங்காத வளைகோட்டைத் 'தொடர்ச்சியற்றது' என்று தனியே வைக்கிறார். ஒரு எக்ஸுக்குப் பல மதிப்பு வருவதில் அவருக்கு ஆட்சேபணையே இல்லை. ஆக, நாம் தவறு என்பது ஒரு காலத்தின் சரி.

இந்தச் சரியை உடைத்தது ஒரு தந்தி. தந்தியை நடுவில் இழுத்துப் பிடித்தால் அதன் வடிவம் இரண்டு நேர்க்கோடு, நடுவே ஒரு முடக்கு. அதற்கு ஒற்றைச் சூத்திரம் இல்லை என்றே அன்று நினைத்தார்கள். அப்படியானால் அது கணிதத்துக்குள் வராது என்றார் தலாம்பேர். கையால் இழுத்த எந்தக் கோடும் வரலாம் என்றார் ஆய்லர். 1755இல் அவரே வரையறையை மாற்றினார்: ஓர் அளவு மாறும்போது அதைச் சார்ந்து மாறும் இன்னோர் அளவு. 1822இல் ஃபூரியே முடக்குள்ள வடிவங்களையும் சைன் அலைகளின் முடிவிலாத் தொடராக எழுதிக் காட்டினார். விகிதமுறு எண்ணுக்கு ஒரு மதிப்பு, விகிதமுறா எண்ணுக்கு வேறு மதிப்பு என்று வரையவே முடியாத ஒன்றை 1829இல் டிரிக்லே முன்வைத்தார். 1844இல் கோஷி, எக்ஸ் வர்க்கத்தின் வர்க்கமூலத்தை எடுத்துக்காட்டினார். மிகை எண்ணுக்கு எக்ஸ், குறை எண்ணுக்குக் குறை எக்ஸ் என்ற 'இரண்டு' சூத்திரமும் அந்த ஒற்றைச் சூத்திரத்துக்குள் இருக்கின்றன. ரெண்டு சார்பு என்ற வாதம் அங்கே சரிந்தது. 1939இல் பூர்பாக்கி குழு எல்லாவற்றையும் கணங்களின் மொழிக்கு மாற்றியது. 1957இல் ஸ்புட்னிக் பறந்த பிறகு வீசிய 'புதிய கணித' அலையில் அந்த மொழி பள்ளிக்கூடங்களுக்குள் புகுந்தது. வரையறை மட்டும் வந்தது, சண்டைகள் வரவில்லை.

தமிழில் இதற்கு இன்னொரு சிக்கலும் உண்டு. சார்பு என்ற சொல் 1755க்குரியது. தொல்காப்பியம் குற்றியலிகரம், குற்றியலுகரம், ஆய்தம் மூன்றையும் சார்பெழுத்தாகக் கொள்வது அவை தனித்து நிற்காததால்தான். சார்பு என்றால் எதையோ சார்ந்திருக்க வேண்டும். கணங்களின் வரையறையோ அந்தச் சார்தலைக் கழற்றிவிட்டது. அதற்கு வேண்டியது இணை மட்டுமே. பழைய பெயர்ப்பலகையின் கீழ் புதிய சரக்கு. "எக்ஸே இல்லையே" என்று கேட்கிற பிள்ளை கணிதத்தில் தோற்கவில்லை, தமிழை ஒழுங்காக வாசித்திருக்கிறது. நம் வகுப்பறை அதை மக்கு என்று தள்ளிவிடுகிறது.

அந்தப் பிள்ளைக்குத் தரவேண்டிய பதில் காரணம்தான். எக்ஸ் கூட்டல் 5 ஒரு சார்பு, எக்ஸும் ஒரு சார்பு. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் மிச்சம் வெறும் 5. அதை வெளியே தள்ளினால் சார்புகளுக்குள் கழித்தலே செய்ய முடியாது. அதனால் உள்ளே சேர்த்துக்கொண்டோம். 'சேர்த்துக்கொண்டோம்' என்ற அந்த வினைச்சொல்லில்தான் வரலாறு இருக்கிறது. பாடநூல் அதை 'ஆகும்' என்று மாற்றி எழுதும்போது, முடிவெடுத்த மனிதர்கள் காணாமல் போகிறார்கள். கேள்வி கேட்கிற உரிமையும் கூடவே போய்விடுகிறது.