தண்டோரா போட்டுப் பரப்பிய போராட்டம்

1930 ஏப்ரல் 13, சித்திரை முதல் நாள். திருச்சியில் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் வீட்டிலிருந்து 98 தொண்டர்கள் உப்பு வரியை எதிர்த்து உப்பெடுக்க வேதாரண்யம் நோக்கி நடையாகப் புறப்பட்டார்கள். தலைமை ராஜாஜி. சரியாக ஒரு வாரத்துக்கு முன்புதான் காந்தி தண்டிக் கரையில் உப்பை அள்ளியிருந்தார். தண்டி எங்கோ குஜராத்தில் இருந்தது. காவிரிக்கரைக் குடியானவனுக்கு அது செய்தித்தாளில் வந்த சேதி. அதுவும் யாராவது வாசித்துச் சொன்னால்தான் உண்டு.

அந்தச் சேதி ஒவ்வொரு வீட்டு அடுப்படி வரைக்கும் எப்படிப் போய்ச் சேர்ந்தது? 98 பேர் போட்ட கோஷத்தால் மட்டும் நடந்த காரியம் இல்லை இது. தஞ்சை கலெக்டர் தோர்னுக்கும் இதில் பெரிய பங்கு உண்டு என்பேன்.

யாத்திரையைத் தடியால் அடித்துக் கலைக்காமல், பட்டினி போட்டே கலைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டார் தோர்ன். தொண்டர்களுக்குச் சோறு போட்டாலோ, தங்க இடம் கொடுத்தாலோ ஆறு மாதம் சிறை, அபராதம் என்று உத்தரவு போட்டார். பத்திரிகைகளில் வெளியிட்டார், துண்டறிக்கை அடித்தார், ஊர் ஊராகத் தண்டோரா போடச் சொன்னார்.

எந்த மண்ணில் போட்ட உத்தரவு இது! ஒரத்தநாட்டில் சரபோஜி மன்னர் எழுப்பிய முக்தாம்பாள் சத்திரம் முதலாக, வழிப்போக்கனுக்கு இலை போடுவதற்கென்றே ராஜாக்கள் சத்திரம் கட்டி வைத்த சீமை தஞ்சாவூர். பசித்து வந்தவனைப் பார்த்துக் கதவைச் சாத்து என்று அங்கே போய்ச் சொன்னார் கலெக்டர். உப்பு வரியைப் பற்றி அபிப்பிராயமே இல்லாதவர்களுக்குக்கூட இந்த வார்த்தை சுருக்கென்று தைத்தது. அதுவரை சத்தியாக்கிரகி என்றால் நடந்து போன அந்த 98 பேர்தான். தண்டோரா ஓய்ந்ததும், ஒரு கை சோறு போட்டவரெல்லாம் சத்தியாக்கிரகி ஆனார்கள்.

சாலையோர மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்கள் தொங்கின. கட்டியது யார் என்று போலீஸ் எந்த மரத்தைக் கேட்கும்? தொண்டர்கள் இளைப்பாறும் காவிரிக்கரையில் பெரிய பாத்திரங்களில் உணவைப் புதைத்து வைத்து, இடம் தெரிய அடையாளமும் விட்டுப் போனார்கள். கும்பகோணத்தில் பந்துலு ஐயர் ஒளிவுமறைவே இல்லாமல் தம் வீட்டில் விருந்து வைத்தார். ஆறு மாதச் சிறை கிடைத்தது. போகிற வழியெல்லாம் ராஜாஜி உப்போடு நிற்காமல் கதர், மதுவிலக்கு, தீண்டாமை ஒழிப்பு என்று பேசிக்கொண்டே நடந்தார்.

பதினைந்து நாளில் சுமார் 150 மைல். வேதாரண்யத்தில் வரவேற்க வேதரத்தினம் பிள்ளை தயாராக இருந்தார். அந்தத் துணிச்சலுக்கு அவர் தம் சொத்தையே விலையாகக் கொடுக்க வேண்டிவந்தது. ஏப்ரல் 30-ல் அகஸ்தியம்பள்ளி உப்பளத்தில் உப்பெடுத்த ராஜாஜி கைதானார். அவருக்கும் ஆறு மாதம். தலைவரைப் பிடித்தால் அடங்கிவிடும் என்ற கணக்கும் பொய்த்தது. அடுத்தடுத்து ஆட்கள் உப்பளத்தில் இறங்கினார்கள். ருக்மணி லட்சுமிபதி கைதானார். உப்புச் சத்தியாக்கிரகத்தில் சிறை சென்ற முதல் பெண் அவர். விருதுநகர் இளைஞர் காமராசரும் இந்தப் போராட்டத்தில்தான் முதன்முதலாகச் சிறை கண்டார்.

ஆனால், என் மனம் சுற்றிச் சுற்றி வந்து நிற்பது வேதாரண்யத்துச் சவரத் தொழிலாளி வைரப்பனிடம். சத்தியாக்கிரகிகளை அடித்த போலீஸாருக்குச் சவரம் செய்ய முடியாது என்று கத்தியைக் கீழே வைத்துவிட்டார் அவர். மேடை ஏறவில்லை, உப்பு காய்ச்சவில்லை. அன்றாடக் கூலி தரும் கைத்தொழிலையே மறுப்பாக மாற்றினார். அவரையும் சிறையில் போட்டார்கள். ஒரு போராட்டம் ஊருக்குள் இறங்கிவிட்டதா என்று எனக்குச் சந்தேகம் வந்தால், இப்படிப்பட்ட ஆள் அதில் இருக்கிறாரா என்றுதான் தேடுவேன்.

அரசாங்கத்தின் மேல் மக்களுக்குப் பற்று என்று ஒன்று இருந்திருந்தாலும் அது இப்போது செத்துவிட்டது என்கிற பொருளில் மேலிடத்துக்கு எழுதினார் தோர்ன். எழுதியது அவரே.

வேதாரண்யம் போகிறவர்கள் அகஸ்தியம்பள்ளி உப்புச் சத்தியாக்கிரக நினைவுத்தூணைப் பார்த்ததோடு திரும்பிவிடாதீர்கள். ஊருக்குள் வைரப்பனுக்கும் ஒரு தூண் எழுப்பியிருக்கிறார்கள். விசாரித்துப் போய், ஒரு நிமிஷம் அதன் முன்னால் நின்றுவிட்டு வாருங்கள்.