காணிப் பாடம் கற்பித்த கன்னியாஸ்திரி

பண்டாரவளையிலிருந்து இறங்கிவரும் புகையிரதப் பாதை ஹாலிஎலவைத் தாண்டிப் பதுளையில் முடிகிறது. அந்த மலைச்சரிவுகளைக் காண்பவர் எவருக்கும் முதலில் தோன்றுவது அவற்றின் பசுமை. வரலாற்று மாணவனுக்குத் தோன்ற வேண்டியதோ வேறொரு கேள்வி: இந்தக் காணி யாருடையது?

1817-18இல் ஊவா மக்கள் ஆங்கில ஆட்சியை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்தனர். கிளர்ச்சி ஈவிரக்கமின்றி நசுக்கப்பட்டது. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம், உறுதி காட்ட இயலாத காட்டையும் தரிசையும் அரசின் உடைமையெனக் கொண்டது. அவ்வாறு விவசாயியின் கையிலிருந்து நழுவிய காணி கோப்பித் தோட்டமாகிப் பின்னர் தேயிலைத் தோட்டமாயிற்று. அதனைத் தோட்டமாக்கியவர்கள் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து கங்காணிமாரால் அழைத்துவரப்பட்ட ஏழைகள். ஒருவனிடம் பறித்த காணியில் மற்றொருவன் உழைத்தான். உழைத்தவனுக்கும் அது சொந்தமாகவில்லை.

இந்த உண்மையை அவன் பிள்ளைக்கு எந்தப் பாடசாலை கற்பித்தது? 1907ஆம் ஆண்டுச் சட்டம், ஆறு முதல் பத்து வயது வரையான தோட்டப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிக்கும் பொறுப்பைத் தோட்டத் துரையின் தலையில் வைத்தது. பிள்ளை படித்துவிட்டால் மலைக்கு ஆள் கிடைக்காது என்று அஞ்சிய வர்க்கத்திடமே பிள்ளையின் படிப்பு ஒப்படைக்கப்பட்டது. 1945இல் இலவசக் கல்வி வந்தது. அதன் முழுப் பயன் லயத்தை எட்டவில்லை. 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்து தோட்ட மக்களில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1960-61இல் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோதும் தோட்டப் பாடசாலைகள் ஒதுக்கப்பட்டே நின்றன. 1975இல் கம்பனித் தோட்டங்கள் தேசியமயமாக்கப்பட்ட பின்னரே அவை படிப்படியாக அரசின் கைக்கு வந்தன.

இக்காலம் முழுவதும் நகரங்களில் கன்னியர் மடப் பாடசாலைகள் சிறப்புடன் இயங்கின. அங்கே கற்பித்த கன்னியாஸ்திரிகளின் ஒழுங்கையும் உழைப்பையும் நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் அவற்றின் வாயில் லயத்துப் பிள்ளைக்கு எட்டாத தூரத்தில் இருந்தது. இந்தத் தூரத்தைத் திருச்சபைக்குள்ளேயே சிலர் உணரத் தொடங்கினர். 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கம் மடத்தின் கதவுகளை உலகை நோக்கித் திறந்தது. 1972இல் பதுளை மறைமாவட்டம் அமைக்கப்பட்டபோது, கண்டி ஆயராயிருந்த லியோ நாணயக்கார அந்தப் பெரிய பீடத்தை விட்டு வறிய ஊவாவுக்கு வந்தார். அதே காற்று கடல் கடந்தும் வீசியது. பிரேசில் நாட்டில் அமேசன் காட்டு ஏழை விவசாயிகளின் காணிக்காக நின்ற, முன்னாள் ஆசிரியையான டொரதி ஸ்டாங் என்ற கன்னியாஸ்திரி 2005 பெப்ரவரி 12இல் தமது 73ஆம் வயதில் சுட்டுக் கொல்லப்பட்டார். நமக்கு இன்னும் அண்மையில், இந்திய மண்ணில், அதே வழியில் வாழ்ந்து மடிந்தவர் வல்சா ஜோன். அவருடைய வரலாற்றையே இங்கு ஆராய்வோம்.

1958இல் கேரளத்தின் எர்ணாகுளம் பகுதியில் பிறந்தவர் வல்சா. படித்துப் பட்டம் பெற்று, பாடசாலை ஆசிரியையானவர். பின்னர் இயேசு மரி அன்புச் சகோதரிகள் சபையில் சேர்ந்தார். 1803இல் பெல்ஜியத்தில், ஏழைகளுக்குப் பணிசெய்யத் தோன்றிய சபை அது. 1990களில் அவர் இன்றைய ஜார்க்கண்டின் சந்தால் பர்கானா பகுதிக்குச் சென்றார். மடத்தின் பாதுகாப்பை விட்டு, பாக்கூர் மாவட்டத்துப் பச்சுவாரா என்னும் கிராமத்தில் சந்தால் மக்களோடு, அவர்கள் வீட்டிலேயே, அவர்கள் மொழியைப் பேசி வாழலானார்.

சந்தால் மக்களின் கதை நமக்கு அந்நியமானதன்று. கந்துவட்டிக்காரனும் ஜமீன்தாரும் கம்பனி ஆட்சியும் கூடிக் காணியைப் பறித்தபோது, 1855 ஜூன் 30இல் சிதோ, கானு என்னும் சகோதரர்களின் தலைமையில் வில்லேந்தி எழுந்தவர்கள் அவர்கள். அந்தக் கிளர்ச்சியும் இரத்தத்தில் மூழ்கடிக்கப்பட்டது. காணியிழந்த சந்தால்கள் பலர் பின்னர் அஸ்ஸாம், வங்காளத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்டனர். நம் பாட்டன்மார் கண்டிச் சீமைக்கு நடந்த அதே நூற்றாண்டில், அதே மூலதனத்தின் பசிக்கு அவர்களும் இரையாயினர். தேயிலைச் செடியின் வேர் ஊவாவிலும் அஸ்ஸாமிலும் ஒரே வகையான துயரத்தை உறிஞ்சியது.

ஊரில் எஞ்சியிருந்த சந்தால்களுக்கு ஒரு சட்டம் காவலாக நின்றது. 1949ஆம் ஆண்டின் சந்தால் பர்கானா குத்தகைச் சட்டப்படி அவர்களுடைய நிலம் பிறர் கைக்கு எளிதில் மாற முடியாது. ஆனால் அந்த நிலத்தின் அடியில் நிலக்கரி இருந்தது. பஞ்சாப் மாநிலத்து அனல்மின் நிலையங்களுக்காக அதனைத் தோண்ட, அம்மாநில மின்வாரியமும் ஒரு தனியார் நிறுவனமும் கூடிப் ‘பானெம்’ என்ற கம்பனியை அமைத்தன. நாட்டின் தேவை என்ற பெயரால் அரசு நிலத்தைக் கையகப்படுத்த முற்பட்டது. எங்கோ எரியும் விளக்குக்கு இங்கே ஒரு மக்கட்கூட்டத்தின் வயல் திரியாக வேண்டும் என்பதே அதன் பொருள்.

இங்கேதான் ஆசிரியை வல்சாவின் உண்மையான வகுப்பு தொடங்கியது. அரசின் அறிவித்தல் என்ன சொல்கிறது, சட்டம் என்ன சொல்கிறது, கிராம சபையின் சம்மதம் எதற்காகத் தேவை, ஒரு கைநாட்டு எதை இழக்கச் செய்யும் - இவை அந்த வகுப்பின் பாடங்கள். ராஜ்மகால் மலையைக் காக்கும் இயக்கம் உருவாயிற்று. மக்கள் கூடி எதிர்த்து நின்றனர். வழக்குகள் நீதிமன்றங்களில் ஏறின. வல்சா மீதும் வழக்குகள் தொடரப்பட்டன. ஆயினும் சட்டப் போராட்டம் மக்களுக்கு வெற்றி தரவில்லை. சுரங்கத்தைத் தடுக்க இயலாத நிலையில், 2006இல் கம்பனிக்கும் மக்களுக்கும் இடையே ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. மாற்றுக் குடியிருப்பு, இழப்பீடு, வேலை, மருத்துவம், பிள்ளைகளின் கல்வி என்பன அதில் இடம்பெற்றன.

எதுவுமின்றி விரட்டப்படும் பழங்குடி மக்களின் வரலாற்றில் இது சிறிய வெற்றியன்று. ஆனால் அந்த வெற்றிக்குள்ளேயே ஆபத்தும் இருந்தது. நிலம் ஊரையெல்லாம் ஒன்றாகக் கட்டியிருந்தது. பணமோ ஒவ்வொருவனையும் தனித்தனியே அழைத்தது. வேலை பெற்றவன், பெறாதவன், குத்தகை எடுத்தவன், ஏமாந்தவன் என்று ஊர் பிளந்தது. உடன்படிக்கையை நிறைவேற்று என்று கம்பனியிடம் ஓயாது கேட்டுக்கொண்டிருந்த ஆசிரியை, அந்தப் பிளவின் நடுவே நின்றார். ஒரு சந்தால் இளம்பெண்ணுக்கு இழைக்கப்பட்ட பாலியல் கொடுமை குறித்து முறைப்பாடு செய்ய அவர் துணை நின்றதாகவும் அன்றைய செய்திகள் கூறின. தமக்கு உயிராபத்து உண்டென்பதை அவர் அறிந்திருந்தார். ஊரை விட்டுப் போகவில்லை.

2011 நவம்பர் 15ஆம் நாள் இரவு, ஆயுதம் தாங்கிய கும்பல் ஒன்று அவர் தங்கியிருந்த வீட்டைச் சூழ்ந்து அவரைக் கொன்றது. அவருக்கு வயது 53. அந்த நாளைக் கவனியுங்கள்: பழங்குடி மக்களின் நிலவுரிமைக்காகப் போராடிச் சிறையில் மாண்ட பிர்சா முண்டா பிறந்த நாள் அது, பழங்குடி மக்களின் நெடுநாட் கனவாகிய ஜார்க்கண்ட் மாநிலம் 2000இல் உதயமான நாளும் அதுவே.

கொலைக்காக 2015இல் நீதிமன்றம் 16 பேருக்கு ஆயுட்கால சிறைத் தண்டனை விதித்தது. தண்டனை பெற்றோரில் அந்த வட்டாரத்து மக்களும் இருந்தனர் என்பதே இந்த வரலாற்றின் மிகக் கசப்பான பக்கம். இதனை மறைத்து அவரை வெறும் தெய்வத் தியாகியாக்கிப் படம் மாட்டுவது எளிது. அது வரலாறாகாது. ஏழைகள் ஏழைகளாக இருப்பதாலேயே ஒற்றுமையாக இருப்பார்கள் என்று எண்ணுவது பேதைமை. மூலதனம் சுரங்கத்தைத் தோண்டுவதற்கு முன்னரே மனிதரின் உறவைத் தோண்டிவிடுகிறது. அவர் கொலையுண்டதனால் சுரங்கமும் நின்றுவிடவில்லை. 2014இல் உச்ச நீதிமன்றம் 214 நிலக்கரி ஒதுக்கீடுகளை இரத்துச் செய்தபோது பச்சுவாராவின் ஒதுக்கீடும் அதில் அடங்கியது. அடுத்த ஆண்டே அது பஞ்சாப் அரசின் மின்கழகத்துக்கு மீண்டும் கிடைத்தது. 2022இல் அகழ்வு மறுபடி தொடங்கியது.

இதிலிருந்து ஆசிரியர்களாகிய நாம் கற்க வேண்டியது யாது? சட்டம் அறிந்தவர், பேசத் தெரிந்தவர், அதிகாரியிடம் செல்லக்கூடியவர் ஒருவரே என்ற நிலை ஓர் இயக்கத்தில் இருக்குமாயின், அந்த ஒருவரை வீழ்த்தினால் போதும் என்று எதிரி கணக்கிடுவான். அன்பும் அர்ப்பணிப்பும் அந்தக் கணக்கைப் பொய்யாக்கா. ஓர் ஆசிரியரின் அறிவு ஐம்பது மாணவரின் அறிவாகப் பெருகும்போதே அது பொய்யாகும். தாம் இல்லாத நாளிலும் நடக்கும் வகுப்பே ஆசிரியர் விட்டுச்செல்லக்கூடிய அரிய சொத்து.

ஊவாவில் இந்தப் பாடத்துக்கு அவசரம் உண்டு. 2014 அக்டோபர் 29இல் கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் அபாயமானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. காலையில் பாடசாலைக்குப் போனதால் பிழைத்த பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. குடியிருக்கும் காணி தனதாயிருந்தால் மனிதன் ஆபத்தை விட்டு விலகவும் உரிமையோடு கேட்கவும் முடியும். லயத்தில் வாழ்பவனோ தோட்டம் காட்டிய இடத்திலேயே கிடக்க வேண்டும். 2003ஆம் ஆண்டுச் சட்டம் நாடற்றவர்க்குக் குடியுரிமை தந்தது. நாடு கிடைத்தவனுக்குக் காணி கிடைக்கும் வழக்கு இன்னும் முடியவில்லை.

ஆகவே ஹாலிஎலவிலும் பசறையிலும் மலைப் பாடசாலைகளில் வரலாறும் குடியியலும் கற்பிக்கும் நண்பர்களே, 1840ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பரீட்சைக்குரிய ஓர் ஆண்டாக மட்டும் சொல்லிவிட்டு நகராதீர்கள். உறுதி என்றால் என்ன, குத்தகை என்றால் என்ன, அபாய அறிவித்தலை யார் வழங்குவது, அது வந்தால் யாரிடம் எதைக் கேட்பது என்பதை மாணவர் தாமே வாசித்தும் எழுதியும் அறியட்டும். அந்தி சாய்ந்து லயத்துக்குத் திரும்பும் பிள்ளை, கொழுந்துக் கூடையை இறக்கிவைத்த தாய்க்கு அதனைச் சொல்லிக் கொடுக்கட்டும். பச்சுவாராவின் ஆசிரியை தம் உயிரை வைத்துத் தொடங்கிய பாடம் அது. அதனைத் தொடர்வதற்கு நாம் துறவு பூண வேண்டியதில்லை. கற்பிப்பதில் நேர்மையாயிருந்தால் போதும்.