லயத்துக்கு விலாசம் ஏது?

கடித உறையின் மேல் பெயர், வீட்டிலக்கம், வீதி, ஊர் என்று நான்கு விபரங்களை எழுதிவிட்டு நாம் நிம்மதியாக இருந்துவிடுகிறோம். இந்த விலாசத்தை யாரும் ஒரு சொத்தாகக் கருதுவதில்லை. ஆனால் கண்டி மாநகரைச் சூழ்ந்த மலைகளில் ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளாக வாழ்ந்துவரும் தோட்டத் தமிழர்களுக்கு நடுவிலுள்ள இரண்டு விபரங்களும் நெடுங்காலம் கிட்டவில்லை. அவர்களது பெயருக்குக் கீழே தோட்டத்தின் பெயர் இருந்தது; வீடு இருக்கவில்லை. மலையக வரலாற்றைப் பலரும் தேயிலையின் வழியாகவும் தொழிற்சங்கத்தின் வழியாகவும் சொல்லியிருக்கிறார்கள். அந்த விடுபட்ட வரிகளின் வழியாகவும் அதனைச் சொல்ல முடியும்.

1815 இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமானது. 1824 இல் ஜோர்ஜ் பேர்ட் என்பவர் கம்பளைக்கு அருகே சிங்ஹபிட்டியில் கோப்பி பயிரிட்டார். ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் பேராதனையை அடுத்த கன்னொறுவையில் தாமே ஒரு தோட்டம் வைத்தார். கோப்பிக்காகப் பாதை வந்தது. பாதை வழியே தபால் வந்தது. 1832 இல் கொழும்புக்கும் கண்டிக்குமிடையே குதிரைத் தபால் வண்டி ஓடத் தொடங்கியது. 1854 இல் தோட்டத் துரைமார் தமக்கெனச் சங்கம் அமைத்ததும் கண்டியிலேதான். 1857 இல் இலங்கையின் முதல் முத்திரை வெளியாயிற்று. 1867 இல் புகையிரதம் கண்டியை எட்டியது. துரை இங்கிலாந்துக்கு எழுதிய கடிதம் ஒழுங்காகப் போய், பதிலும் ஒழுங்காக வந்தது. அதே காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக நூற்றைம்பது மைலளவு நடந்து மாத்தளைக்கு வந்து சேர்ந்த தமிழன் வழியில் இறந்துபோனால், ஊருக்கு அறிவிக்க எவரிடமும் அவனுடைய விலாசம் இருக்கவில்லை.

அவனுக்கென்று முதன்முதலாக ஒரு விலாசம் தரப்பட்டது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே எனலாம். அது தகரத்தில் இருந்தது! தகரச் சீட்டு முறை என்று அதனை அழைத்தனர். பகுதியைக் குறிக்கும் எழுத்தும் தோட்டத்தைக் குறிக்கும் இலக்கமும் பொறித்த சிறு வில்லைகளைத் தோட்டத்திலிருந்து கங்காணி தமிழகத்துக்குக் கொண்டுபோவான். ஆள் சேர்ந்ததும் அதைக் கயிற்றிற் கோத்துக் கட்டிவிடுவான். தட்டப்பாறையிலும் பின்னர் மண்டபத்திலும் இருந்த முகாம்களில் அந்த வில்லையைப் பார்த்தே ஆட்களைப் பிரித்து அனுப்பினார்கள். வழிச்செலவு அந்த இலக்கத்துக்குரிய தோட்டத்தின் கணக்கில் எழுதப்பட்டது. பொதியின் மேல் ஒட்டும் சீட்டுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? பொதிக்கு விலாசம் வேண்டும். அது போய்ச் சேரவேண்டியதற்காக. அந்த மனிதருக்குத் தரப்பட்ட விலாசமும் அவ்வளவுக்கே.

தோட்டத்துக்கு வந்தபின் இன்னொரு தாள் அவர்களைப் பிடித்துக்கொண்டது. அதன் பெயர் துண்டு. கங்காணியும் அவன் கீழிருந்த ஆட்களும் பட்ட கடனை இன்னொரு தோட்டம் செலுத்தினால் இவர்களை விடுவிக்கத் தயார் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. துண்டில்லாமல் வேறு தோட்டத்தில் வேலை கிடையாது. பணம் மாறியது, ஆட்களும் மாறினார்கள். 1921 ஆம் ஆண்டின் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. ஆயினும், தன்னைப் பற்றிய தாள் தன் கையில் இல்லாமல் இன்னொருவர் கையில் இருக்கும் நிலைமை அந்தச் சட்டத்தோடு ஒழியவில்லை.

இதற்குத் தோட்டத்துத் தபால் நல்ல சான்று. தோட்டங்களில் அதைத் தப்பால் என்பார்கள். தப்பால்காரன் பையைத் தோளிலிட்டுக்கொண்டு தபாற் கந்தோருக்கு நடந்துபோய்க் கடிதங்களை வாங்கி வருவான். பை துரையின் கந்தோருக்குப் போகும். துரையின் கடிதங்கள் மேசைக்குப் போகும். மற்றவை கிளாக்கரிடம் தங்கும். பின்பு கணக்கப்பிள்ளையோ கங்காணியோ பிரட்டுக்களத்திற் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுத்தால் உண்டு. ஒரே பெயரில் மூன்று ராமசாமிகள் இருந்தால் எந்த ராமசாமிக்கு வந்தது என்பதை உறையைப் பார்த்துத் தீர்மானிக்க வழியில்லை. லயத்துக்கு இலக்கம் இருந்தாலும் அது தோட்டத்தின் கணக்குக்காக இட்ட இலக்கம். தபாற்காரன் அறிந்த இலக்கமன்று. எழுத வாசிக்கத் தெரியாதவர் தமது கடிதத்தைப் பிறரைக்கொண்டே வாசித்துக் கேட்டார். கடிதம் தாமதித்தாலும் தொலைந்தாலும் யாரைக் கேட்பது?

இந்தக் குறை அரசியலாக மாறியது சுதந்திரத்துக்குப் பின்னர்தான். 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசைச் சேர்ந்தோர் ஏழு பேர் பாராளுமன்றம் சென்றார்கள். அவர்களில் ஒருவர் தலவாக்கலையிற் தெரிவான எழுத்தாளர் ஸி.வி. வேலுப்பிள்ளை. மறு ஆண்டே, 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அவருக்கு வாக்களித்த மக்களை நாடற்றவர்களாக்கியது. தகப்பன் இலங்கையிற் பிறந்தான் என்று காட்டவேண்டும். சில வேளைகளில் பாட்டன் பிறப்பையும் காட்டவேண்டும். அதற்குத் தாள் வேண்டும். தகரச் சீட்டோடு வந்தவனின் மகன் எந்தத் தாளைக் காட்டுவான்?

1949 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டம் ஒரு வாசலைத் திறந்தது. ஆனால் மிகக் குறுகலாகத் திறந்தது. 1946 ஜனவரி முதலாந் திகதிக்கு முன்னர், மணமானவர் ஏழு ஆண்டுகளும் மணமாகாதவர் பத்து ஆண்டுகளும் இடைவிடாது இலங்கையில் வசித்திருக்கவேண்டும். மனைவி மக்கள் இங்கிருந்ததையும் காட்டவேண்டும். வாடகைச் சிட்டையோ வரிப் பற்றுச்சீட்டோ லயக் காம்பிராவில் வாழ்பவரிடம் இராது. தோட்டத்தின் செக்றோலே அவர் இங்கு வாழ்ந்ததற்குச் சாட்சி. நான்கு தோட்டம் மாறியவர் நான்கு கந்தோர்களின் படியேறவேண்டும். பெயரும் ஒரு தடை. செக்றோலில் ஒரு விதமாகவும் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் இன்னொரு விதமாகவும் எழுதிய கருப்பாயி, தாளின்படி இரண்டு பெண்களாகிவிடுவாள். ஏறக்குறைய 2,37,000 விண்ணப்பங்கள் போயின. அவற்றில் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் அடங்கினர். பிரஜாவுரிமை கிடைத்தது 1,34,000 பேரளவினருக்கே.

1964 ஒக்டோபர் 30 இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரை 1974 இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. விண்ணப்பங்கள் வந்தபோது கணக்குத் தலைகீழாயிற்று. இந்தியாவைக் கேட்டோர் ஏறக்குறைய நான்கு இலட்சம் பேர். இலங்கையைக் கேட்டோர் ஆறு இலட்சத்துக்கு மேல். தாம் எங்கே இருக்க விரும்புகிறோம் என்பதை மக்கள் தாளிலே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அந்தத் தாளுக்குத்தான் மதிப்பில்லாமற் போயிற்று.

அந்த ஆண்டுகளில் கண்டி நகரம் தாள்களின் நகரமாயிற்று. இந்திய அரசின் ஏஜெண்ட் பிரித்தானியர் காலத்திலேயே கண்டியில் இருந்து பணியாற்றியவர். பின்னாளில் அங்கு அமைந்த இந்திய உதவி உயர் ஸ்தானிகரகத்தின் வாசலுக்கு, கடவுச்சீட்டுக்காகத் தோட்டங்களிலிருந்து மக்கள் வந்தார்கள். கடவுச்சீட்டு வந்ததும் தோட்டத்து வேலைக்கும் காம்பிராவுக்கும் முடிவு வந்தது. ஊழியர் சேமலாப நிதியைப் பெற இன்னொரு கட்டுத் தாள். தலைமன்னார் போகும் புகையிரதத்துக்கு மக்களிட்ட பெயர் அழுகைக் கோச்சி. இருந்த ஒரே விலாசத்தையும் விட்டுப் போனவர்களுக்கு அக்கரையில் முதல் விலாசம் மண்டபம் முகாம். அதன்பின் நீலகிரித் தேயிலைத் தோட்டங்களிலும் வேறிடங்களிலும் குடியேறினார்கள். தம்பி கண்டியிலும் அண்ணன் கோத்தகிரியிலுமாகப் பிரிந்த குடும்பங்களை இணைத்தது கடிதம் ஒன்றுதான். அதுவும் இங்கே தோட்டக் கந்தோர் வழியாகவே வரவேண்டியிருந்தது. இக்கதையை ஸி.வி. 'நாடற்றவர் கதை' என்ற நூலாக எழுதினார்.

1986, 1988 ஆம் ஆண்டுச் சட்டங்கள் எஞ்சியோரிற் பலருக்கு உரிமை தந்தன. 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் நாடற்ற நிலைக்கு முற்றுப்புள்ளி வைக்க முனைந்தது. 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கு வாழ்ந்தவர்களுக்கும் அவர்தம் சந்ததியினருக்கும் பிரஜாவுரிமை உரியதாயிற்று. பாட்டனின் தாளைத் தேடியலைய வைத்த நாடு, ஐம்பத்தைந்து ஆண்டுகளின் பின்னர் ஆளையே சாட்சியாக ஏற்றுக்கொண்டது.

நேயர்களே, பிரஜாவுரிமை வந்துவிட்டதே, இனி விலாசம் எதற்கு என்று கேட்கலாம். உரிமையைப் பயன்படுத்துவதற்கே விலாசம் வேண்டும். தேசிய அடையாள அட்டை விண்ணப்பத்தைக் கிராமத்தில் கிராம உத்தியோகத்தர் உறுதிப்படுத்துவார். தோட்டத்தில் அந்தப் பணி நெடுங்காலமாகத் தோட்ட அத்தியட்சகருக்கும் உரியதாக இருந்துவந்தது. வேலை தருபவரே ஆளையும் உறுதிப்படுத்துகிறார். பல்கலைக்கழக அனுமதிக் கடிதமும் நேர்முகத் தேர்வு அழைப்பும் நாள் கடந்து கைக்கு வந்த சோகம் தோட்டங்களிற் பலமுறை கேட்ட கதை. ஏழு பேர்ச் காணியில் தனி வீடுகள் எழுந்திருக்கின்றன. பிரதேச சபைகள் தோட்டங்களிற் பணிபுரிய இருந்த தடையை 2018 ஆம் ஆண்டின் திருத்தம் நீக்கியது. இவை நல்ல தொடக்கங்கள். ஆயினும் லயங்கள் பல இன்னும் இருக்கின்றன; பல தோட்டங்களில் கடிதம் இன்னும் கந்தோரிலேயே இறங்குகிறது.

ஒரு பாதைக்குப் பெயரிடவும் ஒரு கதவில் இலக்கமெழுதவும் பெருஞ்செலவில்லை. அந்த இலக்கம் தபாற் கந்தோரின் பதிவேட்டில் ஏறினால், தோட்டத்துப் பிள்ளைக்கு வரும் கடிதம் எவர் மேசையிலும் தங்காமல் நேரே அதன் கைக்கு வரும். அதன் முப்பாட்டன் தன் விலாசத்தைத் தகரத்திற் சுமந்து வந்தான். அந்தப் பிள்ளையின் விலாசம் அதன் சொந்தக் கதவில் இருக்கட்டும்.