அவை கண்ட விசைப்பலகை



திருவள்ளுவர் அவையறிதல் என்றும், அவையஞ்சாமை என்றும் இரண்டு அதிகாரங்கள் வகுத்தார். அவையை அமைப்பது எவ்வாறு என்பதற்குத் தனி அதிகாரம் வகுத்தாரில்லை. இதனைக் குறையாக நான் கூறவில்லை. எனினும், கற்றோர் கூடிக் கலைவதற்கும் கூடி ஒன்றைச் செய்து முடிப்பதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. செய்து முடித்த அவையொன்றின் வரலாற்றை இன்று சொல்ல விரும்புகிறேன்.

1990களின் பிற்பகுதியில் கணிப்பொறியில் தமிழ் எழுதுவோர் பலர் இருந்தனர். ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்கத்தான் இயலவில்லை. எழுத்துருவை ஆக்கியவர் ஒவ்வொருவரும் எழுத்துகளுக்குத் தத்தம் விருப்பப்படி எண் கொடுத்திருந்தனர். சிங்கப்பூரிலிருந்த என் பழைய மாணவன் எனக்குத் தமிழில் மின்னஞ்சல் விடுத்தான். விருத்தாசலத்துக் கடையொன்றில் அதனைத் திறந்தபோது, திரை நிறையப் பொருளற்ற குறிகளே தோன்றின. அவன் என்ன எழுதினான் என்பதை மறுகிழமை தொலைபேசியில் கேட்டே அறிந்தேன். விசைப்பலகையும் அவ்வாறே. தட்டச்சு முறை, ஆங்கில ஒலிப்பு முறை எனப் பல முறைகள் இருந்தமையால், ஒன்றைப் பழகியவர் மற்றொன்றின்முன் கையறியாதவராய் நின்றார். எதனை மாணவர்க்குக் கற்பிப்பது?

இச்சிக்கலை அவைமுன் வைத்தவர்களுள் முதன்மையானவர் சிங்கப்பூர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி. அவர் ஆசிரியர்க்குப் பயிற்சி தந்தவர் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு. 1997 மே மாதம் சிங்கப்பூரில் அவர் முயற்சியால் முதல் தமிழிணைய மாநாடு கூடிற்று. அடுத்தது 1999 பிப்ரவரியில் சென்னையில், தமிழக அரசின் ஆதரவில் நடைபெற்றது. கட்டுரை படித்துக் கைதட்டிப் பிரிவதோடு அது நின்றுவிடவில்லை. பல நாட்டு வல்லுநரும் தாந்தாம் உழைத்து ஆக்கிய முறைகளோடு வந்திருந்தனர். பொதுவான ஒன்று வேண்டுமெனின் ஒவ்வொருவரும் தமது பிள்ளையைச் சிறிது விட்டுக்கொடுத்தாக வேண்டும். அறிஞர்க்கு இதனினும் அரிய செயல் இல்லை! ஆயினும் அவர்கள் இசைந்தனர். அவ்வாண்டு ஜூனில் அரசாணையும் பிறந்தது. கோவிந்தசாமியார் மறைந்ததும் அதே 1999இல்தான்.

அங்கே பிறந்ததே 'தமிழ்99' விசைப்பலகை. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம். மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். ஒகரம் நீங்கலான குறில்கள் நடு வரிசையிலும், அவற்றின் நெடில்கள் நேர் மேலேயும் அமைந்தன. ககரத்தைத் தட்டி ஆகாரத்தைத் தட்டினால் 'கா' எழும். ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதலெழுத்தின்மேல் புள்ளி தானே ஏறும். ஆகவே, 'அம்மா' என எழுத நான்கே தட்டுகள் போதும். 247 எழுத்துகளையும் உயிர், மெய் என்னும் இலக்கண நெறியாலேயே எழுதலாம் என்பது இதன் அழகு.

அவ்வவையின் முடிவெல்லாம் நிலைத்ததென்று சொல்வதற்கில்லை. அப்போது ஏற்கப்பெற்ற 'டாம்', 'டாப்' என்னும் இரு குறியேற்றங்களும் ஒருங்குறி பரவியபின் வழக்கொழிந்தன. ஒன்றைத் தேர்ந்தெடுக்கக் கூடியவர்கள் இரண்டைத் தேர்ந்தது எனக்கு அன்றும் உவப்பாயில்லை. ஆனால், விசைப்பலகையோ இன்றும் கணிப்பொறியிலும் கைபேசியிலும் வாழ்கிறது.

2000இல் சிங்கப்பூரில் 'உத்தமம்' என்னும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் தோன்றிற்று. அதன்பின் கோலாலம்பூர், கலிபோர்னியா, கொலோன், கோவை, பிலடெல்பியா எனச் சுற்றிய மாநாடு, 2012 டிசம்பர் இறுதியில் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கு வந்தது. பெண்ணாடத்திலிருந்து விருத்தாசலம் வழியே பேருந்தேறி நானும் சென்றேன். ஆய்வுரைகளுட் பாதி எனக்கு விளங்கவில்லை, ஒளிப்பானேன்? இடைவேளையில் கல்லூரி மாணவி ஒருத்தி, "ஐயா, தமிழ்99 பழகியிருக்கிறீர்களா?" என்று கேட்டாள். இல்லையென்றேன். தன் மடிக்கணினியை என்முன் நகர்த்தி வைத்தாள்.

மெய்கண்டார் பிறந்த ஊரென எங்கள் ஊரைச் சொல்வர். குலகுருவாயிருந்த அருணந்தி சிவாசாரியார், வயதில் மிக இளைய மெய்கண்டாருக்கே மாணவரானார் என்பது அங்கே வழங்கும் வரலாறு. அதனை நினைத்துக்கொண்டே அம்மாணவி சொன்னவாறு விரல் வைத்தேன். ப, எ, ண, ண, ஆ, ட, ம, கடைசியில் ஒரு புள்ளி. எட்டே தட்டில் 'பெண்ணாடம்' என்று திரையில் நின்றது.