அர்பத்நாட் முதல் ஆருத்ரா வரை – பணத்துக்கு யோசனை சொல்பவர்களும் அறமும்

கோவில்பதாகையிலும் ஆவடியிலும் தொழிற்சாலையில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். பி.எஃப்., கிராஜுவிட்டி என்று ஒரு பெரிய தொகை கைக்கு வந்ததும் வீடு தேடி ஒருவர் வருவார். தெரிந்த முகமாகவே இருப்பார். "இங்கே போடுங்க சார், நல்ல வட்டி" என்பார். இந்த யோசனை சொல்பவருக்கு என்ன பொறுப்பு இருக்கிறது? சென்னையின் வரலாற்றில் இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்க நூறு வருடங்களுக்கு மேல் ஆனது. அதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

முதல் கதை 1906-ல் நடந்தது. அப்போது மதராஸில் அர்பத்நாட் கம்பெனி என்றால் அரசாங்கத்துக்குச் சமம். பென்ஷன்காரர்கள், உத்தியோகஸ்தர்கள், விதவைகள் எல்லாம் அதில் பணம் போட்டிருந்தார்கள். அங்கே ஏஜெண்டே தேவைப்படவில்லை, பெயரே போதுமானதாக இருந்தது! லண்டன் கூட்டாளி சூதாட்டம் போன்ற வியாபாரங்களில் பணத்தை இழந்துகொண்டிருக்க, இங்கே உள்ளுக்குள் திவாலான பிறகும் டெபாசிட் வாங்கிக்கொண்டே இருந்தார்கள். 1906 அக்டோபர் 22 அன்று கம்பெனி கதவை மூடியது. ஆயிரக்கணக்கானோர் நடுத்தெருவுக்கு வந்தார்கள். அதன் தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்கு 18 மாதக் கடுங்காவல் தண்டனை கிடைத்தது. இந்த வீழ்ச்சியைப் பார்த்த வக்கீல் வி.கிருஷ்ணசாமி ஐயரும் நண்பர்களும் முயன்று உருவாக்கியதுதான் இந்தியன் வங்கி. அது 1907 ஆகஸ்ட் 15 அன்று திறக்கப்பட்டது.

இரண்டாவது கதை 1990களில். ஃபைனான்ஸ் கம்பெனிகள் தெருவுக்குத் தெரு முளைத்த காலம் அது. சென்னையின் அனுபவ் பிளாண்டேஷன்ஸ் தேக்கு மரம் வளர்த்துப் பணத்தைப் பல மடங்காக்கித் தருவதாகச் சொல்லி, 1998-ல் வீழ்ந்தது. இப்படிப்பட்ட ஏமாற்றுகளைத் தடுக்க, தமிழக அரசு 1997-லேயே முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டு வந்திருந்தது. ஏமாற்றியவரின் சொத்தைப் பறிமுதல் செய்து பணம் போட்டவர்களுக்குப் பிரித்துக் கொடுக்க இது வழி செய்கிறது. 2011-ல் உச்ச நீதிமன்றமும் இது செல்லும் என்று தீர்ப்பளித்தது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இந்தச் சட்டம் முக்கியமாகக் குறிவைத்தது பணத்தை வாங்கிய நிறுவனத்தை. வீட்டுக்கு வந்து வாங்க வைத்தவர் பெரும்பாலும் தப்பிவிடுவார். அவருக்குக் கமிஷன் கிடைப்பது பணத்தைப் போட வைத்ததற்காக, அது திரும்ப வந்ததற்காக அல்ல. பிரச்சனையின் வேர் இங்கேதான் இருக்கிறது.

2013-ல்தான் செபி அமைப்பு முதலீட்டு ஆலோசகர்களுக்கென்று தனி விதிமுறை கொண்டு வந்தது. பதிவு பெற வேண்டும், வாடிக்கையாளர் எவ்வளவு ரிஸ்க் தாங்குவார் என்று பார்த்து யோசனை சொல்ல வேண்டும், தன் நலனுக்கும் அவர் நலனுக்கும் மோதல் இருந்தால் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2019-ல் வந்த மத்திய சட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. முறைப்படுத்தப்படாத டெபாசிட் திட்டத்தில் பொய் சொல்லி ஒருவரைச் சேர்த்துவிடுவதே குற்றம் என்றது.

சட்டம் வந்தும் ஏமாற்று நின்றுவிட்டதா? இல்லை! மூன்றாவது கதை 2022-ல் வந்தது. சென்னை அமைந்தகரையில் இருந்த ஆருத்ரா கோல்டு டிரேடிங் மாதம் 30 சதவீதம் வரை தருவதாகச் சொல்லி, சுமார் 1 லட்சம் பேரிடம் 2,438 கோடி ரூபாய் வசூலித்தது என்பது போலீசாரின் குற்றச்சாட்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள். 1 லட்சத்துக்கு மாதம் 30,000 ரூபாய்! வங்கி நான்கைந்து வருடத்தில் தரும் வட்டியை ஒரே மாதத்தில் தருவேன் என்றால் அது எங்கிருந்து வரும்? இப்படிப்பட்ட திட்டங்களில் அடுத்து வருபவர் போடும் பணத்திலிருந்துதான் வரும்.

மூன்று கதைகளிலும் மக்கள் நம்பியது கணக்கை அல்ல, முகத்தையும் பெயரையும்தான். ஆகவே யார் யோசனை சொன்னாலும் மூன்று கேள்விகள் கேட்போம். நீங்கள் எங்கே பதிவு செய்திருக்கிறீர்கள்? உங்களுக்குச் சம்பளம் தருவது நானா, அந்தக் கம்பெனியா? சொன்னதை எழுதிக் கொடுப்பீர்களா? நேர்மையான ஆலோசகர் இதற்குக் கோபப்பட மாட்டார். கோபப்பட்டால் அதுவே பதில்.