கதவு திறந்துச்சு, வண்டி கிளம்பல

ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. அதான் ரெண்டு மாசமா இந்தப் பக்கமே வரல, மன்னிச்சுக்கோங்க மக்களே. இப்ப வர வச்சது ஒரு சாவி.

செகண்ட் ஹேண்ட்ல வாங்கின என் காருக்கு ஒத்தச் சாவிதான். தொலைஞ்சா அம்பேல்னு பயந்து, ரோட்டோர சாவிக்காரர்கிட்ட இருநூறு ரூபாய்க்கு டூப்ளிகேட் போட்டேன். கதவு ஜம்முனு திறந்துச்சு. சாவியைத் திருப்பினா இன்ஜின் ஒரு உறுமு உறுமிட்டு ரெண்டே செகண்ட்ல அணைஞ்சுடுச்சு. மீட்டர்ல ஒரு விளக்கு விட்டு விட்டு எரியுது. திரும்ப அவர்கிட்ட ஓடினேன். "தம்பி, நான் வெட்டினது இரும்பு. உங்க சாவிக்குள்ள சிப்பு இருக்கு. கதவுக்கு இரும்பு போதும், இன்ஜினுக்குப் பத்தாது"ன்னார். நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சவன் ஙேன்னு முழிச்சேன்.

அவர் சொன்னது அத்தனையும் சரி. ரிமோட்டை அமுக்கினா நாலு கதவும் ஒண்ணா பூட்டுதே, அது சென்ட்ரல் லாக்கிங். கதவுக்குள்ள இருக்கற குட்டி மோட்டார்களோட வேலை, அதோட சரி. இன்ஜினைக் காக்கறது இம்மொபிலைசர்ங்கற வேற ஆள். சாவியோட பிளாஸ்டிக் தலைக்குள்ள பேட்டரி இல்லாத ஒரு சிப். சாவி போடற இடத்தைச் சுத்தி ஒரு காயில். காயிலோட காந்தப்புலத்துல இருந்தே சிப்புக்குக் கரண்ட் கிடைச்சுடும். கார் ஏதோ ஒரு எண்ணை அனுப்பும். சிப் தன்கிட்ட இருக்கற ரகசியத்தை வச்சுக் கணக்குப் போட்டு பதில் சொல்லும். பதில் தப்பா இருந்தா இன்ஜின் கம்ப்யூட்டர் பெட்ரோலை விடாது.

இப்ப கொசுவத்தியைச் சுத்துங்க. 1986, அமெரிக்கா. ஜெனரல் மோட்டார்ஸ் தன்னோட கார்வெட் காருக்கு ஒரு புதுச் சாவி கொடுத்துச்சு. சாவித் தண்டுல ஒரு சின்ன ரெசிஸ்டர். அதோட ஓம் மதிப்பு பொருந்தினாத்தான் வண்டி கிளம்பும். தப்பா இருந்தா சில நிமிஷம் காத்திருந்துதான் மறுபடி முயற்சி பண்ண முடியும். நல்ல யோசனைதான். ஆனா மொத்தம் 15 மதிப்புகள்தான். நம்ம பொட்டி தட்டற பாஷையில சொன்னா, உலகத்துல இருக்கற பாஸ்வேர்டே பதினஞ்சு!

அடுத்த கட்டம் ஜெர்மனி. 1989இல் பெர்லின் சுவர் விழுந்ததும் கார் திருட்டு கிடுகிடுன்னு ஏறுச்சு; கிழக்கே போன வண்டிகள் திரும்பி வரல. நஷ்டஈடு கொடுத்துக் கொடுத்து அலுத்துப் போன இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் கார் கம்பெனிகளை நெருக்குச்சு. 1995இல் ஐரோப்பிய ஒன்றியம் ஒரு உத்தரவு போட்டு, அக்டோபர் 1998லேர்ந்து எல்லாப் புதுக் காருக்கும் இம்மொபிலைசர் கட்டாயம்னு ஆக்கிடுச்சு. நெதர்லாந்துல 1995லேர்ந்து 2008 வரைக்கும் நடந்ததை அலசின ரெண்டு பொருளாதார ஆய்வாளர்கள், இதனால கார் திருட்டு சராசரியா 40 சதவீதம் குறைஞ்சதா கணக்குச் சொன்னாங்க. ஆஸ்திரேலியா 2001லயும், கனடா செப்டம்பர் 2007லயும் இதைக் கட்டாயமாக்கின.

உடைக்கவே முடியாத பூட்டான்னு கேட்டா, இல்ல. டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸோட சிப்புல இருந்த ரகசியம் வெறும் 40 பிட். 2005இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக மாணவர்களும் ஆர்எஸ்ஏ ஆய்வகமும் சேர்ந்து அதை ஒரு மணி நேரத்துக்குள்ள உடைச்சு, ஒரு ஃபோர்டு காரைக் கிளப்பியே காட்டினாங்க. ஆனா அதுக்கு மூளையும் மெனக்கெடலும் வேணும். சாதாத் திருடனுக்கு அந்த ஓட்டைப் பூட்டே பெரிய மதில்தான்.

அமெரிக்காவுல மட்டும் இப்படி ஒரு சட்டம் வரல. கம்பெனிகள் தானாவே வச்சுக்கும்னு விட்டுட்டாங்க. பெரும்பாலான கம்பெனிகள் வச்சும் இருந்துச்சு. 2015 மாடல்களை எடுத்துக்கிட்டா, மத்த கம்பெனிகளோட கார் வகைகள்ல 96 சதவீதத்துல இம்மொபிலைசர் கூடவே வந்துச்சு. ஹூண்டாய், கியாவுல எவ்வளவு தெரியுமா? 26. அதே கம்பெனிகள் எல்லைக்கு அந்தப்பக்கம் கனடாவுல வித்த கார்கள்ல சட்டத்துக்குப் பயந்து அது இருந்துச்சு. டிசைன் கையில இருக்கு, பொருளும் இருக்கு. கேக்க ஆள் இல்லாத ஊர்ல மட்டும் மிச்சம் பிடிச்சாங்க. எனக்கு வேற காரணம் தோணல.

மில்வாக்கி பசங்க இதைக் கண்டுபிடிச்சுட்டாங்க. ஸ்டீயரிங் பக்கத்து மூடியைக் கழட்டி, சாவிக்குப் பதிலா யுஎஸ்பி கேபிளோட முனை. அவ்ளோதான். 2021இல் அந்த ஊர்ல திருடு போன கார்கள்ல சுமார் மூணுல ரெண்டு பங்கு இந்த ரெண்டு கம்பெனியோடது. 2022இல் வீடியோ டிக்டாக்ல பரவ, நாடு முழுக்கப் பத்திக்கிச்சு. அந்த அக்டோபர்ல பஃபலோ நகரத்துல ஒரு திருட்டு கியா விபத்துக்குள்ளாகி, உள்ள இருந்த பதின்ம வயசுப் பசங்க நாலு பேர் செத்துப் போனாங்க. பிப்ரவரி 2023இல் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு சொன்ன கணக்கு: குறைஞ்சது 14 விபத்து, 8 சாவு.

அந்த மாசம்தான் கம்பெனிகள் 83 லட்சம் கார்களுக்கு இலவச சாஃப்ட்வேர் அப்டேட்னு அறிவிச்சாங்க. 30 செகண்ட் கத்தின அலாரம் இனி ஒரு நிமிஷம் கத்துமாம். சாவி உள்ள இருந்தாத்தான் வண்டி கிளம்புமாம். சில வண்டிகள்ல அந்த அப்டேட்டைக் கூட ஏத்த முடியல. அவங்களுக்கு ஸ்டீயரிங்ல மாட்டற இரும்புக் கம்பிப் பூட்டுதான்.

இதைப் படிச்சதும் சிரிப்பு வரல எனக்கு. "செக்யூரிட்டி மேட்டரா, அடுத்த ரிலீஸ்ல பாத்துக்கலாம்"னு நானே எத்தனை டிக்கெட்டைத் தள்ளி விட்டிருக்கேன். என் பட்டியல்ல யாரும் சாகல, அதுதான் வித்தியாசம்.

அப்புறம், சிப்போட ஒரு சாவி வாங்கி, கார்ல பதிவும் பண்ணியாச்சு. பர்ஸ் பழுத்துடுச்சு. இருநூறு ரூபாய் சாவி மச்சான் வீட்டுல இருக்கு. உள்ள சாவியை வச்சுப் பூட்டிட்டு நிக்கும்போது கதவைத் திறக்க அது போதும்.