ஆண்டெனாக்களின் பரிமாற்றுப் பிணைப்பும் அலைபரப்பியின் நேர்போக்குத் தன்மையும்

அருகருகே நிற்கும் ஆண்டெனாக்களில் ஒன்றின் அலை மற்றொன்றில் மின்னோட்டத்தைத் தூண்டுவது பரிமாற்றுப் பிணைப்பு எனப்படும். உள்ளீடு எத்தனை மடங்கு கூடுகிறதோ அத்தனை மடங்கே வெளியீடும் கூடுவது நேர்போக்குத் தன்மை ஆகும். தனித்தனியே ஆராயப்பட்ட இவ்விரண்டும் இன்று ஒரே சிக்கலாகியுள்ளன.

இரு தொடக்கங்கள்

நேர்போக்குச் சிக்கல் தொலைபேசித் துறையில் எழுந்தது. நெடுந்தொலைவுத் தடங்களில் வரிசையாக இருந்த பெருக்கிகளின் சிறு திரிபுகள் சேர்ந்து பேச்சைக் கெடுத்தன. அமெரிக்கப் பொறியாளர் ஹரோல்ட் பிளாக் 1923-இல், திரிபைப் பிரித்தெடுத்து வெளியீட்டிலிருந்து கழிக்கும் முன்னூட்ட முறையையும், 1927-இல் எதிர்ப் பின்னூட்ட முறையையும் கண்டறிந்தார்.

ஆண்டெனாப் பிணைப்பைக் கணக்கிடும் வாய்பாடுகளை பி. எஸ். கார்ட்டர் 1932-இல் வெளியிட்டார். தனித்து நிற்கும் அரையலை ஆண்டெனாவின் மின்தடை ஏறத்தாழ 73 ஓம். அத்தகைய இரண்டை அரை அலைநீள இடைவெளியில் இணையாக நிறுத்திச் சம மின்னோட்டம் செலுத்தினால், ஒத்த கட்டத்தில் அது சுமார் 60.5 ஓம் ஆகவும், எதிர்க் கட்டத்தில் 85.5 ஓம் ஆகவும் மாறும். அதாவது, பெருக்கியின் சுமையை அண்டை ஆண்டெனாவும் தீர்மானிக்கிறது.

ஒருவழிக் கதவு

1950-களில் வளர்ந்த ஃபெரைட் கருவிகள், ஆண்டெனாவிலிருந்து திரும்பும் அலை பெருக்கியை அடையாமல் தடுத்தன. பெருக்கி ஒன்றுக்கு ஒரு கருவி வீதம் பொருத்த முடிந்தவரை சிக்கல் பெரிதாகத் தோன்றவில்லை.

மீண்டும் எழுந்த சிக்கல்

பல ஆண்டெனாக்களைக் கொண்ட செல்பேசி நிலையங்கள் பற்றிய தாமஸ் மார்செட்டாவின் கட்டுரை 2010-இல் வெளிவந்தது. 5ஜி நிலையங்களில் 64 பரப்பிகள் ஒரே பலகையில் அமைவதுண்டு. ஒவ்வொன்றுக்கும் ஃபெரைட் கருவி பொருத்தினால் எடையும் செலவும் கூடும். அது இல்லையெனில், அலைக்கற்றையைத் திருப்பும்போதெல்லாம் பெருக்கியின் சுமை மாறும். அண்டைக் குறிகையும் உள்ளே நுழைந்து கலக்கும். இதனால் உண்டாகும் திரிபு அடுத்த அலைவரிசைகளுக்குள் கசியும். தன் குறிகையை மட்டும் கொண்டு திருத்தும் பழைய முறை இதற்குப் போதாது.

தீர்வுகள்

ஆண்டெனாக்களுக்கு இடையே உலோகத் திட்டுகளை வரிசையாகப் பதித்து, பலகையின் மேற்பரப்பில் ஓடும் அலையைத் தடுக்கலாம். ஃபான் யாங், யாஹ்யா ரஹ்மத்-சாமி ஆகியோர் 2003-இல் இவ்வழியில் பிணைப்பைச் சுமார் 8 டெசிபெல் குறைத்துக் காட்டினர். அதாவது, கசியும் திறன் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காயிற்று. எனினும் இத்தடுப்பு குறிப்பிட்ட அதிர்வெண் பட்டைக்குள் மட்டுமே பயன்தரும். எஞ்சிய திரிபை, அண்டைப் பரப்பிகளின் குறிகைகளையும் கணக்கில் கொண்டு முன்கூட்டியே திருத்துகின்றனர்.